தடுப்பூசிக்குப் பின் வரும் சில்லறை உபாதைகள்

நம் வணிகப் பெருமக்களிடையே ஒரு பேச்சு உலவி வருகிறது. "ஊசி போட்டுக்கொள்ளும் வரையில் நன்றாகத்தான் இருந்தேன். போட்ட மறுநாள்தான் காய்ச்சல் வந்தது. பிறகு எதற்கு அந்த ஊசி?" என்பதே அது. பெட்டியடியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டால் போதும்; மாலைக்குள் அந்த வரிசையிலுள்ள கடைகள் அத்தனைக்கும் அது போய்ச் சேர்ந்துவிடுகிறது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. காய்ச்சல் வந்தது மெய்தான். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு சரிதானா என்பதை நாம் விசாரித்துப் பார்க்க வேண்டும். ஏனெனில், இந்தப் பேச்சைக் கேட்டு ஊசியைத் தள்ளிப் போடுகிறவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள வயது முதிர்ந்த வாப்பாவாகவோ, சர்க்கரை வியாதியுள்ள கடைச் சிப்பந்தியாகவோ இருக்கிறார். நோய் வந்தால் தாங்க மாட்டாதவர்களும் அவர்களே.

முதலில், ஊசி போட்டதும் உடம்புக்குள் நடப்பது யாது என்று பார்ப்போம். மூட்டையை வாங்குமுன் மாதிரிச் சரக்கைக் கையில் வாங்கிப் பார்ப்பது நம் தொழில் வழக்கம். தடுப்பூசியும் அப்படி ஒரு மாதிரிதான். நோய்க் கிருமியின் ஒரு துண்டையோ, கொல்லப்பட்ட கிருமியையோ, வலுக்குறைக்கப்பட்ட கிருமியையோ உடம்புக்குக் காட்டுகிறார்கள். சில புதிய ஊசிகளில், அந்தத் துண்டை உடம்பே சிறிது காலம் செய்துகொள்வதற்கான குறிப்பு மட்டும் இருக்கும். ஊசி இறங்கிய இடத்திலுள்ள காவல் அணுக்கள், பழக்கமில்லாத ஒன்று வந்திருக்கிறது என்று கண்டு சில இரசாயனப் பொருள்களை வெளிவிடுகின்றன. அவற்றின் வேலையால் அங்கே இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வெள்ளணுக்கள் திரள்கின்றன, அந்த இடம் சிவந்து வீங்கி வலிக்கிறது. அதே பொருள்கள் இரத்தத்தோடு மூளைக்குச் சென்றால், உடலின் வெப்ப அளவை மூளை சற்று உயர்த்தி வைக்கிறது. அப்பொழுதுதான் குளிரும், நடுக்கமும், காய்ச்சலும், உடம்பு வலியும் வருகின்றன. ஆகவே கை வலியும் காய்ச்சலும் நோய் வந்ததற்கு அடையாளமல்ல. உடம்பு மாதிரியைப் பார்த்துப் பாடம் படிக்கிறது என்பதற்கே அடையாளம்.

இதிலே இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. "எனக்கு ஒன்றுமே வரவில்லையே, ஊசி வேலை செய்யவில்லை போலிருக்கிறது" என்று சிலர் கவலைப்படுகிறார்கள். அப்படியல்ல. ஒரே ஊசி ஒருவருக்கு இரண்டு நாள் படுக்கையையும், மற்றொருவருக்குச் சும்மா ஒரு கை உளைச்சலையும் தரலாம். இருவருக்கும் பாதுகாப்பு கிடைக்கும். பெரும்பாலான ஊசிகளில் இளைஞர்களுக்கே உபாதை அதிகம், முதியவர்களுக்குக் குறைவு. முதியவர்களின் உடம்பு சற்று மெதுவாக எழும்புவதே இதற்குக் காரணம். ஆகையால், "தம்பிக்கே இப்படி வந்தால் வாப்பாவுக்கு எப்படி இருக்கும்?" என்ற கணக்கு இங்கே செல்லாது.

பொதுவாக வரக்கூடியவை இவை: ஊசி போட்ட இடத்தில் வலி, சிவப்பு, வீக்கம், அசதி, தலைவலி, தசை வலி, இலேசான காய்ச்சல், சில சமயம் குமட்டல். கோவிட் ஊசிக்குப் பின் சிலருக்கு அந்தக் கையின் அக்குளில் நெறி கட்டுவதுண்டு. இவை பெரும்பாலும் ஊசி போட்ட சில மணி நேரத்திலோ மறுநாளிலோ தோன்றி, இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

ஆனால் எல்லா ஊசிகளும் ஒரே கணக்கில் அடங்குவதில்லை. நமக்கு அதிகம் தேவைப்படுகிறவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

சளிக்காய்ச்சல் எனப்படும் இன்ஃபுளுவென்ஸாவுக்கு ஆண்டுதோறும் போடும் ஊசியைப் பற்றித்தான் புகார் அதிகம். "அந்த ஊசியாலேயே சளிக்காய்ச்சல் வந்துவிட்டது" என்கிறார்கள். கையில் போடும் அந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. உயிரில்லாத ஒன்று ஒருவருக்கு அந்த நோயைக் கொடுக்க முடியாது. பிறகு எப்படி நேர்கிறது? ஊசியின் பலன் முழுமையாக ஏறப் பதினான்கு நாள் வரை ஆகும். கூட்டம் நிறைந்த கடையில் நிற்கிறவர், அந்தப் பதினான்கு நாளுக்குள்ளாகவே வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து கிருமியை வாங்கிக்கொண்டிருக்கலாம். அல்லது இன்ஃபுளுவென்ஸா அல்லாத வேறு ஏதேனும் ஒரு சாதாரணச் சளி பிடித்திருக்கலாம். அவற்றை இந்த ஊசி தடுப்பதில்லை.

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் போட்டுக்கொள்ளும் மூளைச்சவ்வுக் காய்ச்சல் ஊசி அடுத்தது. இதன் பின்விளைவு பெரும்பாலோருக்குக் கை வலி, தலைவலி, அசதி என்ற அளவோடு ஓரிரு நாளில் தீரும். ஆனால் இந்த ஊசி ஏன் கட்டாயமாயிற்று என்ற வரலாற்றை நம்மவர்கள் அறிந்திருப்பது நல்லது. 1987ஆம் ஆண்டு ஹஜ் காலத்தில் இந்நோயின் 'ஏ' வகை பரவியது. அதன் பின் யாத்ரீகர்கள் ஊசி போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று சவூதி அரசாங்கம் விதித்தது. பின்னர் 2000, 2001ஆம் ஆண்டுகளில், அப்போதைய ஊசி தடுக்காத 'டபிள்யூ-135' என்ற வகை கிளம்பியது. ஊர் திரும்பிய யாத்ரீகர்களிடமிருந்து வீட்டிலிருந்தவர்களுக்கும் அது தொற்றியது. அவ்வாறு நோய் கண்ட நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. அதற்குப் பிறகுதான் நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசி கட்டாயமாக்கப்பட்டது. ஹாஜியாரை வரவேற்க விமான நிலையத்துக்குச் செல்லும் பேரப் பிள்ளைகளை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஊசியைச் சவூதிக்குள் நுழைவதற்குக் குறைந்தது பத்து நாளுக்கு முன் போட்டிருக்க வேண்டும். சான்றிதழ், ஊசியின் வகையைப் பொறுத்து மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குச் செல்லும். சிலர் சாமான் கட்டும் கடைசி வாரத்தில்தான் கிளினிக்கைத் தேடி ஓடுகிறார்கள். முன்கூட்டியே போட்டுக்கொண்டால், காய்ச்சல் வந்தாலும் வீட்டிலேயே வந்து போய்விடும்.

அக்கி நோய்க்கான ஊசியை இப்பொழுது ஐம்பது வயது கடந்தவர்களுக்கு டாக்டர்கள் சொல்கிறார்கள். இதற்கு மட்டும் முன்னெச்சரிக்கையாக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம்: உபாதை கொஞ்சம் கடுமையாகவே இருக்கும். ஆறு பேரில் ஒருவருக்கு அன்றாட வேலையைச் செய்ய முடியாத அளவுக்கு வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். முதல் ஊசியில் கஷ்டப்பட்டவர்கள், இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் போட வேண்டிய இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். பாதிப் பணம் கட்டிய சரக்கைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வருவது போன்றது இது. அக்கி வந்து தணிந்த பிறகும் மாதக்கணக்கில் நரம்பு எரிச்சலால் தூங்காமல் கிடந்தவர்களைக் கண்டவர்கள் அந்தத் தவற்றைச் செய்யமாட்டார்கள்.

குழந்தைகளுக்குப் போடும் மணல்வாரி ஊசியின் போக்கு வேறு. அதில் வலுக்குறைந்த உயிருள்ள கிருமி இருப்பதால், காய்ச்சல் மறுநாள் வராது. ஏறக்குறைய ஏழு முதல் பன்னிரண்டு நாள் கழித்தே வரும். சில பிள்ளைகளுக்கு இலேசான தடிப்பும் காணும். பத்தாவது நாளில் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் தாய்மார் ஊசியை மறந்துபோய்ப் பயந்துவிடுகிறார்கள். பிறந்த பிள்ளைக்குப் போடும் காசநோய் ஊசியோ இன்னும் தாமதம். சில வாரம் கழித்து ஒரு கொப்புளம் எழும்பி, உடைந்து, நீர் வடிந்து, சிறு தழும்பாக ஆறும். அதில் மஞ்சளோ, எண்ணெயோ, களிம்போ தடவ வேண்டியதில்லை. கட்டுப் போடவும் வேண்டாம். சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கும்படி விட்டாலே போதும்.

ஆப்பிரிக்க நாடுகளுக்கு வியாபாரத்தின் பொருட்டுச் சென்று வருகிறவர்கள் சிலர் நம்மிடையே இருக்கலாம். அவர்கள் போட்டுக்கொள்ளும் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் உயிருள்ள கிருமியால் ஆனது. அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாக அதைப் போட்டுக்கொள்வதில், அரிதாயினும், ஆபத்து சற்று அதிகம். வயதையும் பழைய நோய்களையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இனி, ஊசிக்குப் பிறகு வருகிற எல்லாமே ஊசியால் வருவதுதானா என்ற கேள்விக்கு வருவோம். நம் பேச்சிலே பெரும் குழப்பம் இதில்தான் இருக்கிறது. பின்லாந்து தேசத்தில் இதை ஓர் அழகான முறையில் சோதித்தார்கள். முடிவை 1986ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். 581 ஜோடி இரட்டைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஜோடியில் ஒரு பிள்ளைக்கு மணல்வாரி, தாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசி. மற்றதற்கு மருந்தில்லாத வெறும் ஊசி. மூன்று வாரம் கழித்து மாற்றிப் போட்டார்கள். எந்தப் பிள்ளைக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, கவனித்தவர்களுக்கும் தெரியாது. இரு பிள்ளைகளும் ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே தட்பவெப்பம். பெற்றோர் ஒவ்வொரு நாளும் கண்டதைக் குறித்து வந்தார்கள். காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், எரிச்சல் என்று ஏராளமாகக் குறிப்புகள் சேர்ந்தன. பிறகு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால், வெறும் ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் அவை ஏறக்குறைய அதே அளவுக்கு வந்திருந்தன! இருமலும் சளியும் வெறும் ஊசிக்குப் பின்னரே சற்று அதிகம். ஊசியால்தான் வந்தது என்று சொல்லத்தக்கவை ஒவ்வோர் உபாதையிலும் நூற்றுக்கு அரை முதல் நான்கு பிள்ளைகளுக்குள் அடங்கிவிட்டன. மற்றதெல்லாம் ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் பிள்ளைகளுக்கு வரக்கூடியவையே.

பெரியவர்கள் விஷயமும் இப்படித்தான். கோவிட் ஊசிகளைப் பற்றிய 12 சோதனைகளின் கணக்கை ஒன்று சேர்த்து 2022ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றில் கலந்துகொண்டவர்கள் 45,000 பேருக்கு மேல். முதல் ஊசிக்குப் பின் தலைவலி, அசதி போன்றவை வந்ததாகச் சொன்னவர்கள், மெய்யான ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 46 பேர். வெறும் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 35 பேர். வெறும் ஊசி போட்டவர்கள் வேஷம் போட்டார்கள் என்று எவரும் கருதலாகாது. நாள் முழுதும் கடையில் நின்றவனுக்குத் தலைவலி வராத நாள் எத்தனை? மற்ற நாளில் ஒரு தே தாரேக் குடித்து மறந்துவிடுகிறோம். ஊசி போட்ட நாளில் மட்டும் உடம்பைக் கவனித்துக்கொண்டே இருக்கிறோம்; பயமும் தன் பங்குக்கு வலியைக் கூட்டுகிறது. அதே ஆய்வில் இரண்டாம் ஊசிக்குப் பின் மெய்யான ஊசிக்காரர்கள் நூற்றுக்கு 61, வெறும் ஊசிக்காரர்கள் நூற்றுக்கு 32 என்று இடைவெளி விரிந்தது. ஆகவே எல்லாமே மனப்பிரமை என்று சொல்லி ஒதுக்குவதும் நியாயமல்ல. ஒருவர் முடியவில்லை என்றால் அவரைப் படுக்க விட வேண்டும்.

கை வலிக்கும் என்ற பயம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு வைசூரியின் கதையே சாட்சி. நம் முதியவர்கள் பலருடைய புஜத்தில் அம்மை குத்திய தழும்பு இன்றும் இருக்கிறது. இன்றைய ஊசிகளைவிட அது எவ்வளவோ கடுமையானது: கொப்புளம் எழும்பிச் சீழ் கட்டிப் பொருக்குதிர மூன்று வாரம் ஆகும், காய்ச்சலும் அடிக்கும். அதைப் பொறுத்துக்கொண்ட தலைமுறையால்தான் அந்த நோய் உலகைவிட்டே ஒழிந்தது. உலகில் இயற்கையாக வைசூரி கண்ட கடைசி மனிதர் சோமாலியா நாட்டில் மெர்க்கா என்னும் துறைமுக ஊரைச் சேர்ந்த அலி மாவ் மாலின். மருத்துவமனையில் சமையற்காரராக இருந்தவர். அங்கே வேலை செய்தவர்களுக்கெல்லாம் அம்மை குத்தியபோது, அது வலிக்கும் என்று அஞ்சி இவர் தப்பித்துக்கொண்டார். 1977ஆம் ஆண்டு அக்டோபரில், நோய் கண்ட பிள்ளைகள் இருவரை ஏற்றி வந்த வண்டிக்கு வழி காட்டச் சில நிமிடங்கள் உடன் சென்றார். அந்தச் சில நிமிடங்களே போதுமாயிருந்தன. அவர் பிழைத்துக்கொண்டார். 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் வைசூரி ஒழிந்ததென்று அறிவித்தது. பிற்காலத்தில் அவரே ஊர் ஊராகச் சென்று, போலியோ சொட்டு மருந்துக்குத் தயங்கிய பெற்றோர்களிடம் தம் கதையைச் சொல்லி வந்தார். 2013ஆம் ஆண்டு அந்தப் பணியில் இருக்கும்போதே மலேரியா கண்டு இறந்தார்.

நாம் செய்ய வேண்டியவை அதிகமில்லை. கணக்கு எழுதாத கையில், மூட்டை தூக்காத தோளில் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். வலிக்கிற இடத்தில் குளிர்ந்த ஈரத்துணியை வைக்கலாம். தைலம் போட்டுச் சூடு பறக்கத் தேய்க்க வேண்டாம். கையை அசைக்காமல் கட்டி வைத்தால் வலி கூடுமேயன்றிக் குறையாது. மெல்ல அசைத்துக்கொண்டிருப்பதே நல்லது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். காய்ச்சலோ வலியோ தாங்க முடியாவிட்டால் பாரசெட்டமால் போடலாம். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு. ஆறு மணி நேர இடைவெளி. ஒரு நாளில் எட்டைத் தாண்டலாகாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து கலந்திருப்பதை நினைவில் வைக்க வேண்டும். ஈரல் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் போடலாகாது. காய்ச்சல் வருமுன்பே, 'வராமலிருக்கட்டும்' என்று மாத்திரையை விழுங்குவது தேவையற்றது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முன்னரே சொல்லிவிட்டு, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் காய்ச்சல் நாளில் சர்க்கரை ஏறக்கூடும். இரண்டு வேளை கூடுதலாகச் சோதித்துக்கொள்வது நல்லது.

முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைச் சிப்பந்திகள் அத்தனை பேரையும் ஒரே நாளில் ஊசிக்கு அனுப்பினால், மறுநாள் கடையைத் திறக்க ஆளிருக்காது; பழி ஊசியின் மேல் விழும். இரண்டு இரண்டு பேராக, அவரவர் ஓய்வு நாளுக்கு முந்திய நாளில் அனுப்புவதே முறை. ஊசிக் காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்தவனின் ஒரு நாள் கூலியைப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது இலாபம் போலத் தோன்றலாம். கூலிக்குப் பயந்து ஊசி போடாமலிருந்தவன் இன்ஃபுளுவென்ஸாவோடு வந்து ஒரு வாரம் கிட்டங்கியில் இருமினால் ஆகும் நஷ்டத்தை அவர்கள் கணக்கில் எழுதுவதில்லை.

நோன்பு மாதத்தில் ஊசி போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2021ஆம் ஆண்டு கோவிட் ஊசியைப் பற்றி இக்கேள்வி எழுந்தபோது, அதனால் நோன்பு முறியாது என்று சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் தெளிவுபடுத்தியது. காய்ச்சல் வந்தால் மாத்திரையும் தண்ணீரும் தேவைப்படுமே என்று எண்ணுகிறவர்கள், நோன்பு திறந்த பிறகு மாலையில் போட்டுக்கொள்ளலாம்.

இனி ஆபத்தான அடையாளங்கள். இவை அரிது, ஆனால் அறியாமலிருப்பது அறிவீனம். ஊசி போட்டதும் பதினைந்து முதல் முப்பது நிமிடம் உட்காரச் சொல்வார்கள். 'கடையில் ஆள் இல்லை' என்று எழுந்து ஓடலாகாது. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு அல்லது முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், இழுப்பு, தலைசுற்றி விழுதல் ஆகியவை கடுமையான ஒவ்வாமையின் குறிகள். பத்து இலட்சம் ஊசிக்கு ஏறக்குறைய ஒருவருக்கே அது வரும். பெரும்பாலும் அந்த அரை மணிக்குள்ளேயே வரும். உடனே அட்ரினலின் ஊசி போட்டால் உயிருக்குப் பயமில்லை. அந்த மருந்து கிளினிக்கில் இருக்கும், நம் கடையில் இருக்காது. வீட்டுக்கு வந்த பின் இப்படி நேர்ந்தால், சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணைக் கூப்பிடத் தாமதிக்கக் கூடாது. சிலர் ஊசியைக் கண்ட அளவிலேயே மயங்கி விழுவார்கள். அது ஒவ்வாமையல்ல, படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் தெளிந்துவிடும். கோவிட் ஊசிகளில் ஒரு வகைக்குப் பின், இளவயது ஆண்கள் மிகச் சிலருக்கு, முக்கியமாக இரண்டாம் ஊசிக்கு அடுத்த சில நாட்களில், இதயத் தசை அழற்சி கண்டது. நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்குதல் இருந்தால் வாயுத் தொல்லை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாகாது. மூன்று மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், ஊசிதான் காரணம் என்று தோன்றினாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் நம் ஊர்களுக்கு முக்கியமானது ஒன்றுண்டு. இங்கே டிங்கிக் காய்ச்சல் ஆண்டு முழுதும் இருக்கிறது. ஊசி போட்ட மறுநாள் கொசுவும் கடிக்கலாம். அதற்கு முந்திய வாரமே கடித்தும் இருக்கலாம். ஊசிக் காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதற்கு மேலும் நின்றாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோ, கண்ணுக்குப் பின்னால் வலி, விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் இரத்தம் என்று ஏதேனும் கண்டாலோ, 'அது அந்த ஊசியால்தான்' என்று சொல்லிக்கொண்டு வீட்டில் கிடப்பது உயிரோடு விளையாடுவதாகும். இரத்தச் சோதனை செய்துவிட வேண்டும். காரணம் தெளிவாகும் வரையில் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவற்றைத் தொட வேண்டாம். டிங்கியாக இருந்தால் அவை இரத்தக் கசிவை அதிகமாக்கும். பிள்ளைகளுக்கு எந்தக் காய்ச்சலிலும் ஆஸ்பிரின் கொடுக்கலாகாது.

வழக்கத்துக்கு மாறான உபாதை எதுவாயினும் ஊசி போட்ட டாக்டரிடமே போய்ச் சொல்லுங்கள். கடைத்தெருவில் சொல்வதால் பயன் ஒன்றுமில்லை. டாக்டர் அதைச் சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கும், மலேசியாவில் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் எழுதுவார். அரிதான கெடுதிகள் வெளிச்சத்துக்கு வந்தது இத்தகைய அறிக்கைகளால்தான். அதற்கு ஊசியின் பெயர், போட்ட தேதி, அட்டையில் குறித்திருக்கும் தொகுதி எண் மூன்றும் தேவைப்படும். அட்டையைக் கல்லாப் பெட்டியின் அடியில் போட்டு வைத்துத் தேடாமல், கடவுச்சீட்டோடு ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹஜ் விண்ணப்பத்தின்போதும் அதைத்தான் கேட்பார்கள்.